பி.ஆர். போதுமா, குடியுரிமை வேண்டுமா? கூரத்துக் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று டல்லஸிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். போன புதிதில் விசா கவலை. பிறகு கிரீன் கார்டு அல்லது பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் வீட்டில் ஒரு நிம்மதி. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பின்தான் அந்தக் கேள்வி வருகிறது: "சிட்டிசன்ஷிப் வாங்கிடலாமா?"

ஊரில் இதற்கு இரண்டே பதில்கள். "பேசாம வாங்கிடுப்பா, எல்லாரும் வாங்கறாங்க" என்பது ஒன்று. "வாங்கினா இந்த மண்ணோட உறவே அத்துப்போச்சு" என்பது மற்றது. இரண்டுமே சட்டத்தைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. குடியுரிமை எடுத்தால் ஊரை விட்டுப் போய்விடுவோம், பி.ஆரோடு நின்றால் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைக்கிறோம். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் உள்ள பலருக்கு நடைமுறை இதற்கு நேர் எதிர். பி.ஆர்.தான் அவர்களை ஊரில் நீண்ட நாள் சேர்ந்தாற்போல் தங்க விடாமல் அடிக்கிறது.

அடிப்படைச் சட்டம் சுருக்கமானது. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே. தானாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் அந்த நொடியே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். யாரும் தனியாக ரத்து செய்ய வேண்டியதில்லை. 2022-இல் 2,25,620 பேரும், 2023-இல் 2,16,219 பேரும் இப்படி இந்தியக் குடியுரிமையை விட்டார்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆக, இது எங்கோ ஒருவர் எடுக்கும் முடிவல்ல. ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்கு வேறு.

செய்ய வேண்டியவை

1. அடுத்த பத்து வருடத்தில் ஊரில் எத்தனை மாதம் தங்க வேண்டிவரும் என்று முதலில் யோசியுங்கள்.

சம்பளம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இதற்குப் பிறகு. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்றால், ஒரு நாள் நீங்கள் வந்து தங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வார லீவில் முடிகிற காரியமல்ல அது. அறுவை சிகிச்சை, அதன் பின் பிசியோதெரபி, அதன் பின் யார் சமைப்பது என்கிற கேள்வி என்று எட்டு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்காவுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினாலே கேள்வி எழும். ஒரு வருடம் தாண்டினால் அந்த அட்டையைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. கிளம்பும் முன் அங்கேயே விண்ணப்பித்து ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கினால் இரண்டு வருடம் வரை இடம் கிடைக்கும். ஆனால் அவ்வளவு நாள் வெளியே இருந்தால், குடியுரிமைக்காக எண்ணிக்கொண்டு வந்த தொடர் வசிப்புக் கணக்கு அறுந்துபோகும். கனடாவில் பி.ஆரைக் காப்பாற்ற ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். பிரிட்டனின் நிரந்தர வசிப்புரிமை இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் காலாவதியாகும். ஆஸ்திரேலியாவில் பி.ஆர். இருந்தாலும், நாட்டுக்குள் திரும்பி வருவதற்கான பயண அனுமதி ஐந்து வருடத்துக்குத்தான். அதன் பின் தனியாக விசா எடுக்க வேண்டும்.

குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் கடிகாரம் கிடையாது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தால் இந்தியாவில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். போலீஸ் பதிவும் தேவையில்லை. அம்மாவின் பக்கத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு அங்கே திரும்பிப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். "வாங்கினா உறவே அத்துப்போச்சு" என்று சொல்லும் பெரியவர்களுக்கு நான் சொல்லிக்காட்டுவது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் ஐந்து வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக வந்துவிடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு அந்நியக் குடியுரிமையால் பெரிய பயன் இல்லை. சில இடங்களில் சுமைதான் கூடும். அதைக் கீழே சொல்கிறேன்.

2. நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பாமல், விதியைப் படியுங்கள்.

கூரத்தின் பெயரை வரலாற்றுப் புத்தகங்களில் நிறுத்தியதே ஒரு நிலப் பத்திரம்தான். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டில் நிலமும் பங்குகளும் உண்டு, மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கான ஏற்பாடும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இன்று நிலத்தைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறு என்பது எனக்கு வருத்தம்.

"சிட்டிசன் ஆகறதுக்கு முன்னாடியே ரெண்டு ஏக்கர் நஞ்சை வாங்கிப் போட்டுடு" என்று பலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அன்னியச் செலாவணி விதிகளின்படி விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கும் அதே விதிதான். இந்த விஷயத்தில் குடியுரிமை எடுப்பதால் புதிதாக இழப்பது எதுவும் இல்லை. வீட்டு மனை, வீடு, கடை இருவருமே வாங்கலாம்.

விவசாய நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இருந்தபோதே வாங்கிய நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது மட்டும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. அப்பா உயிரோடு இருக்கும்போதே பாசத்தில் நஞ்சையை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுத நினைக்கிறார். வெளிநாட்டில் இருப்பவருக்கு விவசாய நிலத்தைத் தானமாகக் கொடுக்க விதியில் இடமில்லை. உயிலாக எழுதினால் வாரிசுரிமையாக வரும், அது செல்லும். பத்திர எழுத்தரிடம் போகும் முன் இதைத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்து, உங்கள் பெயர் இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல், அங்கே குடும்பப் பெயர் என்று மாறி, புதிய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் பெயர் மாற்றம் செய்யும்போது இந்த ஒரு எழுத்து வேறுபாடு மாதக்கணக்கில் அலைய வைக்கும். வெளிநாட்டிலிருந்து பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

3. பெண் பிள்ளைகள் இதைத் தனியாகக் கவனியுங்கள்.

வெளிநாட்டில் குடியுரிமை எடுத்த மகளிடம், "நீதான் அங்க சிட்டிசன் ஆயிட்டியே, உனக்கு இங்க எதுக்கும்மா பங்கு? ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. பாஸ்போர்ட்டின் நிறம் மாறினால் வாரிசுரிமை மாறாது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளை மகனுக்குச் சமமாக்கியது. தமிழ்நாடு அதற்கு முன்பே 1989-இல் அந்தப் பாதையில் நடந்துவிட்டது. அண்ணனுக்கோ தம்பிக்கோ மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது உங்கள் விருப்பம், அதைப் பாராட்டுவேன். இல்லாத சட்டத்தைக் காட்டி வாங்கும் கையெழுத்து கொடுமை. போடாதீர்கள்.

4. பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளின் பக்கமிருந்து பாருங்கள்.

அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவர் குடிமகனானால், அவரோடு வசிக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட கிரீன் கார்டுப் பிள்ளையும் தானாகவே குடியுரிமை பெறுகிறது. நீங்கள் உங்களுக்காக எடுக்கும் முடிவு பிள்ளைக்கும் சேர்த்து எடுத்தது ஆகிறது. பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்தியாவில் மருத்துவம் படிக்க வைக்கும் ஆசை உள்ளவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓ.சி.ஐ. பிள்ளைகள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கப்படும் (சூப்பர்நியூமரரி) இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன் அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. இனி அட்டை எடுக்கும் பிள்ளைக்குப் பொருந்தும்.

சிங்கப்பூரில் உள்ளவர்களுக்குக் கேள்வி இன்னும் கூர்மையானது. பெற்றோர் வழியாகப் பி.ஆர். ஆன மகன் இரண்டு வருடம் தேசிய சேவை செய்தாக வேண்டும். பதினாறரை வயதில் பதிவு. சேவை செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால், பின்னால் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். குடிமகனின் மகனுக்கும் அதே கடமைதான். எப்படியும் சேவை உண்டு, மகன் அங்கேயேதான் வாழப்போகிறான் என்றால், குடியுரிமையின் பயன்களை ஏன் விட வேண்டும் என்று கேட்பது நியாயம். அரசு கட்டும் புதிய எச்.டி.பி. வீட்டைப் பி.ஆர். தம்பதி வாங்க முடியாது; மூன்று வருடம் கழித்து மறுவிற்பனை வீடுதான். முதல் வீட்டுக்கே பி.ஆருக்கு 5 சதவீதக் கூடுதல் முத்திரை வரி, குடிமகனுக்கு இல்லை. இதன் மறுபக்கம், பி.ஆரை விட்டு நிரந்தரமாகக் கிளம்புபவர் சி.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வரலாம். ஐம்பத்தைந்து வயதில் கூரத்தில் வீடு கட்டிக்கொண்டு உட்கார நினைப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. வரிக் கணக்கை ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்கு கேட்கும். கிரீன் கார்டுக்காரருக்கும் அது உண்டு என்றாலும், அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்துவிடும். குடிமகன் கூரத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அப்பாவோடு ஜாயின்ட்டாக இருக்கும் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினாலே தனிப் படிவம். எட்டு வருடமோ அதற்கு மேலோ கிரீன் கார்டு வைத்திருந்த வசதியானவர் அதை விடும்போது வெளியேறும் வரி வருமா என்றும் பார்க்க வேண்டும். ஓய்வுக்குப் பின் ஊருக்கு வருபவர்களுக்கு நான் சொன்ன சுமை இதுதான்.

6. உறுதிமொழி எடுக்கும் முன் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

பின்னால் அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்துகொண்ட பெற்றோரின் முகம் எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்த்திருக்கிறேன். பையன் செய்தது தவறில்லை. சொல்லாததுதான் அவர்களுக்கு ஆறவில்லை. அமெரிக்க உறுதிமொழியில் பழைய நாட்டுப் பற்றுறுதியை முழுமையாகத் துறப்பதாக ஒரு வாசகம் வரும். அதை நேராக அவர்களிடம் சொல்லி, அதன் பின்னும் என்னென்ன தொடரும் என்றும் விளக்குங்கள். பெரியவர்களுக்குச் சட்டம் புரியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பாவு ஓட்டும்போது ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடிப்பவர்களுக்கு இது புரியாதா?

குடிமகனானால் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாமல் கிரீன் கார்டு கேட்கலாம். கிரீன் கார்டு நிலையில் கேட்கவே முடியாது. இது பெரிய காரணம்தான். ஆனால் அவர்கள் வர விரும்புகிறார்களா என்று கேட்டீர்களா? பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் இருப்பதைவிடக் கோயில், குளம், தெரிந்த முகங்கள் போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி முடிவெடுத்துவிட்டு, பின் அவர்கள் வரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

செய்யக்கூடாதவை

ஓ.சி.ஐ. அட்டையை இரட்டைக் குடியுரிமை என்று நினைக்காதீர்கள். 2006-இல் முதல் அட்டைகள் வழங்கப்பட்ட நாளிலிருந்தே அந்தப் பெயர் மக்களைக் குழப்புகிறது. அது வாழ்நாள் விசாவும் சில சலுகைகளும் மட்டுமே. வாக்கு இல்லை. பஞ்சாயத்து முதல் நாடாளுமன்றம் வரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. கிராமசபையில் வாக்காளராக உட்கார முடியாது. இதழியல், ஆராய்ச்சி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். அரசு ரத்தும் செய்யலாம். இந்தியக் குடிமகனாகவே இருக்கும் என்.ஆர்.ஐ. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஊரில் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நீங்கள் அப்படி வந்து வாக்களித்ததுண்டா? இல்லை என்றாலும், அந்த உரிமையை விடுவது உங்களுக்கு வலிக்கிறது என்றால், அந்த வலியும் ஒரு காரணம்தான். யாரும் அதைக் கேலி செய்ய விடாதீர்கள்.

"ஜெர்மனி இப்ப ரெண்டும் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்பதைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பது உண்மை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவும் அனுமதிப்பவைதான். இந்தியா அனுமதிக்காத வரை நமக்கு அதனால் ஒன்றும் மாறாது.

குடியுரிமை பெற்ற பின் இந்திய பாஸ்போர்ட்டை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். "இன்னும் நாலு வருஷம் செல்லுபடி இருக்கே, இந்த ஒரு தடவை மட்டும்" என்று அதைக் காட்டிச் சென்னை விமான நிலையத்தில் இறங்குவது குற்றம். அபராதம் உண்டு, ஓ.சி.ஐ. விண்ணப்பத்திலும் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, சரண்டர் சான்றிதழ் வாங்கி, அதன் பின்தான் ஓ.சி.ஐ.க்குப் போடுங்கள். இடையில் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் வீட்டில் ஒரு அவசரம் வந்தால் விசா எடுத்துத்தான் வர வேண்டும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சைத் தேதி குறித்திருக்கும்போது உறுதிமொழித் தேதியை வைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

பயத்தில் முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் குடியேற்ற விதிகள் இறுகும் செய்தி வரும்போதெல்லாம் கிரீன் கார்டுக்காரர்கள் பதறுகிறார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் குடிமைத் தேர்வும் கடினமாகிவிட்டது: 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். முன்பு 100-இலிருந்து 10 கேட்டார்கள், 6 போதும். அதனால் ஓடிப்போய் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பழைய வழக்கு ஏதும் இருந்தால், வரி பாக்கி இருந்தால், நீண்ட நாள் வெளியே இருந்திருந்தால், விண்ணப்பமே அதையெல்லாம் தோண்டி எடுக்கும். அப்படிப்பட்டவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதே நேரம், சும்மா தள்ளிப்போடாதீர்கள். மலேசியத் தமிழர்களின் கதை இதற்குப் போதும். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது தோட்டங்களில் வேலை செய்த பலர் குடியுரிமைப் பதிவை விட்டுவிட்டார்கள். எழுத்தறிவின்மை, எடுத்துச் சொல்ல ஆளில்லாமை, அப்புறம் பார்க்கலாம் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தன. சிவப்பு அடையாள அட்டையோடு, நிரந்தர வாசிகளாகவே முதுமை அடைந்தார்கள். பின்னால் விண்ணப்பித்தபோது மலாய் மொழித் தேர்வு குறுக்கே நின்றது. 2018 ஜூனில், அறுபது வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஒரு வாழ்நாள் முழுக்க உழைத்த மண்ணில், அறுபதுக்குப் பிறகு! முடிவு எதுவானாலும் அது நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். காலம் கடந்ததால் தானாக விழுந்ததாக வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குடியுரிமை எடுத்த பிள்ளையைத் துரோகி போலப் பேசாதீர்கள். நம் ஊரின் பெருமை கூரத்தாழ்வான். அவர் செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு இங்கிருந்து கிளம்பி, ராமானுஜரோடு ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். ஆயிரம் வருடம் கழித்தும் தை அஸ்தத்தில் அவருக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுகிறோம். போனவரை விட்டுவிடவில்லையே நாம். அந்த நாளுக்கு லீவு போட்டுக் குழந்தைகளோடு வரும் பிள்ளையிடம், வந்ததும் வராததுமாக, "எந்த பாஸ்போர்ட்டுல வந்தே?" என்று கேட்பது முறையா?

கடைசியாக, எடுத்துவிட்டால் திரும்பவே முடியாது என்று நினைக்காதீர்கள். குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(ஜி) பிரிவின்படி, ஐந்து வருடம் ஓ.சி.ஐ.யாகப் பதிவாகியிருந்து, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வழக்கமாக வசித்தவர் மீண்டும் இந்தியக் குடியுரிமை கேட்கலாம். கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை, அந்நியக் குடியுரிமையையும் அப்போது துறக்க வேண்டும். ஓய்வு பெற்று வரும் எண்ணம் இருந்தால், ஓ.சி.ஐ. பதிவுச் சான்றிதழ், பழைய இந்திய பாஸ்போர்ட்டின் நகல், சரண்டர் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரு பிரதியைக் கூரத்து வீட்டு பீரோவிலும் வைத்துவிடுங்கள்.